பதினேழாம் எண்ணுக்கு நேரே ஒரு டிக்

போன வியாழக்கிழமையிலிருந்து டீச்சருக்குச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஏன் என்று வாராவாரம் இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை.

டீச்சர் இரண்டாம் வகுப்பு எடுக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். கணவரின் அக்கா. டீச்சர் வேலைக்குப் படிக்கச் சொன்னவரும் அவர்தான், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரும் அவர்தான். நாத்தனாரின் ஒரே மகளுக்கு ஏழு வயது. எதையும் ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வாள் என்பதால் வீட்டில் அவளுக்குக் கிளி என்று பெயர். மாடியில் நாத்தனாரும் கிளியும், கீழே டீச்சரும் கணவரும். கிளி படிப்பது டீச்சரின் வகுப்பில், முதல் பெஞ்சில்.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடம் வாசிக்கச் சொன்னால் கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பிப்பாள். பின்னால் ஒளிகிற பிள்ளைகள் ஒளியாமல் இருக்கத்தான். அப்படிச் சுற்றி வந்து முதல் பெஞ்சின் ஓரத்தில் கிளியிடம் வாசிப்பு முடியும். முப்பது பேர் தடுக்கித் தடுக்கிப் படித்ததைக் கிளி கணீரென்று படித்து முடிப்பாள். கேட்கவே சுகமாக இருக்கும்.

போன வியாழக்கிழமை பின் பெஞ்சுப் பிள்ளைகளை எடை பார்க்கக் கூட்டிப் போய்விட்டார்கள். சரி, இன்றைக்கு முன்னாலிருந்து ஆரம்பிக்கலாம் என்று டீச்சர் கிளியைக் கூப்பிட்டாள். கிளி புத்தகத்தைப் பிரித்தாள். பக்கத்தைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"இன்னும் யாரும் படிக்கலையே டீச்சர்" என்றாள்.

அந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. மூன்று மாதமாக அவள் எண்ணுக்கு நேரே 'வாக்கியம் வாசிக்கிறாள்' என்று டிக் போட்டு வந்தவள் டீச்சர்.

இன்று வாசிப்பைச் சோதிக்க அதிகாரி வருகிறார்.

*

"கிளி கண்ணுல ஒண்ணும் இல்ல" என்றார் டீச்சரின் கணவர், ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே. இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர்.

"நல்லா பார்த்தீங்களா?"

"நேத்து சாயங்காலம் கடையில உட்கார வெச்சு எழுத்து அட்டையைக் காட்டினேன். மேல இருந்து கடைசி வரி வரைக்கும் சறுக்குமரத்துல வர்ற மாதிரி வந்துட்டா. ஒரே ஒரு இடத்துல 'ழ'வை 'மு'ன்னா. அது எல்லாரும் சறுக்கற இடம்தான்."

"அப்போ கண்ணாடி போட்டா சரியாகாதா?"

"இல்லாத பவருக்கு எங்க போறது? நான் கண்ணாடிக்காரன், மந்திரவாதி இல்ல."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். மூன்று நாளாக அவள் அந்தக் கண்ணாடியைத்தான் நம்பியிருந்தாள். ஒரு சின்னக் கண்ணாடி, சிவப்புச் சட்டம் போட்டது. குழந்தைக்குப் பார்வை கொஞ்சம் மங்கல் அண்ணி, வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் யார் மீதும் குற்றமில்லை.

"அக்காகிட்ட சொல்லிடு" என்றார் அவர்.

"நீங்க சொல்லுங்களேன். உங்க அக்காதானே?"

"என் அக்காதான். ஆனா டிக் போட்டது நீதானே, டீச்சரம்மா?"

மெதுவாகத்தான் சொன்னார். இருந்தும் சுருக்கென்று தைத்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். நாத்தனார் இறங்கி வந்தார். கையில் இரண்டு கோப்பு, தோளில் பை, முகத்தில் அன்றைய நாள் முழுவதும். பின்னாலேயே கிளி, ஒரு பின்னல் பிரிந்து தொங்க.

"ஏம்மா, உன் வகுப்புப் பதிவேடெல்லாம் சரியா இருக்கா? ரெண்டு மணிக்கு வர்றாராம். அவரா நாலு பேரைக் கூப்பிடுவார். அஞ்சாவது நம்ம விருப்பம். கிளியை விடு."

"அண்ணி..."

"அவ படிச்சு முடிச்சா நிறைவா இருக்கும். போன தடவை பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு பையன் வாசிக்கற நேரத்துல ஓன்னு அழுதுட்டானாம். நமக்கு அதெல்லாம் வேண்டாம்."

"இல்ல அண்ணி, கிளி விஷயமா ஒண்ணு சொல்லணும்..."

"டேய்" என்று தம்பி பக்கம் திரும்பினார் நாத்தனார். "உன் பெண்டாட்டி ஆறு நாளா ஏதோ சொல்லணும் சொல்லணும்ங்கறா, சொல்லவே மாட்டேங்கறா. நீயாவது கேட்டு வை." சிரித்துக்கொண்டே கிளியின் பின்னலை ஒரே இழுப்பில் சரிசெய்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

கணவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வாசலைப் பார்த்தாள்.

*

ஒன்பதரை மணிக்குள் வகுப்பில் நடந்தவை: ஒருவன் வாந்தி எடுத்தான். முன்பல் விழுந்த ஒருத்தி பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினாள். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிற ஒருவன், அவனுக்கு வகுப்பே வைத்த பெயர் ஏன்-ஏன், வாந்தி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டான். அலுவலகத்திலிருந்து இரண்டு படிவங்கள் வந்தன. எத்தனை பிள்ளைகளுக்குச் செருப்பு இருக்கிறது, எத்தனை ஜன்னலுக்குக் கொக்கி இருக்கிறது. பதினோரு மணிக்குள் வேண்டுமாம்.

ஜன்னல் கொக்கிகளை எண்ணியபடி டீச்சர் அந்த டிக்கைப் பற்றி நினைத்தாள்.

பதிவேட்டில் மூன்று கட்டங்கள். எழுத்து, சொல், வாக்கியம். வாக்கியம் என்ற கட்டத்தில் நூற்றுக்கு எண்பது பேர் இல்லையென்றால் மூன்று பிரதிகளில் விளக்கம் எழுத வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் "எண்பதுக்குக் கீழே போகாம பார்த்துக்கங்க" என்று நாத்தனார் சொல்லியிருந்தார். பொய் எழுதச் சொன்னதில்லை. பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார்.

ஒருமுறை விழுந்த டிக்கை மறுமாதம் எடுக்கவும் முடியாது. எடுத்தால் அது 'பின்னடைவு'. அதற்குத் தனிப் படிவம்.

ஆனால் கிளிக்குப் போட்ட டிக் அந்தப் பயத்தில் போட்டதில்லை. அதுதான் டீச்சரை அரித்தது. கிளி படிக்கிறாள் என்று அவள் மனதார நம்பியிருந்தாள். சொல்வதெழுதும் நேரத்தில் வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியை அறைக்குக் கொண்டுபோகிற வேலையைக் கிளிக்குக் கொடுத்தவளும் அவள்தான். அம்மாவிடம் போய் வரட்டும், பாவம் என்று. ஒரு வருஷம் முழுக்கக் கிளி சொல்வதெழுதவே இல்லை.

"டீச்சர், பாட்டு!" என்றான் ஏன்-ஏன்.

பிள்ளைகள் எழுந்து நின்று மழைப் பாட்டை ஆரம்பித்தார்கள். மூன்றாவது வரி முடிந்ததும் முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். பிறகு நான்காவது வரிக்குப் போனார்கள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்த அன்று அவளுக்குச் சளி. மூன்றாவது வரியில் இருமியிருக்கிறாள். பிள்ளைகள் இருமலையும் சேர்த்துப் பாடமாக்கிவிட்டார்கள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

எல்லாரும் சறுக்கற இடம்.

தாழ்வாரத்துக்கு வந்து கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, சனிக்கிழமை சனிக்கிழமை கிளி உங்க கடையில எங்க உட்கார்ந்திருப்பா?"

"கதவு பக்கத்துல, ஸ்டூல்ல. ஏன்?"

"அங்க உட்கார்ந்தா கண்ணு பார்க்க வர்றவங்க அட்டையைப் படிக்கறது காதுல விழுமா?"

"நல்லா விழும்."

"ழ-வை மு-ன்னு படிச்சது அவ கண்ணு இல்லங்க. உங்ககிட்ட வர்றவங்க கண்ணு. கேட்டதைத் தப்போட சேர்த்து ஒப்பிச்சிருக்கா."

"அடக் கடவுளே! நான் வேற கழுகுக் கண்ணுன்னு கடை முழுக்கச் சொல்லிட்டேன்." "இரு, எழுத்து தெரியாதவங்களுக்குன்னு வேற அட்டை இருக்கு. இடைவேளைக்கு எடுத்துட்டு வர்றேன்."

டீச்சருக்கு நம்பிக்கை திரும்பியது. சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி மறுபடி கண் முன்னால் வந்து நின்றது.

*

இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூவரும் நின்றார்கள். அந்த அட்டையில் எழுத்தே இல்லை. மூன்று விரல் நீட்டிய கை போல ஒரு வடிவம், மேலே பெரிதாக, கீழே போகப் போகக் கடுகாக. விரல் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும்.

கண்ணாடிக்காரர் இருபது அடி அளந்து அட்டையைச் சுவரில் பிடித்தார். கிளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு காட்டினாள். மேலே. இடது. கீழே. வலது. அட்டையைத் தலைகீழாகத் திருப்பினார். கிளியும் திருப்பிக் காட்டினாள். கடைசி வரியில் டீச்சருக்கே விரல் தெரியவில்லை. கிளிக்குத் தெரிந்தது.

"மாமா, நான் பாஸா?"

"பாஸ்டா செல்லம்" என்றார் அவர். அட்டையைச் சுருட்டும்போது மனைவியிடம் தாழ்ந்த குரலில், "ஒரு பிள்ளைக்குப் பவர் இருக்கணுமேன்னு இன்னைக்குத்தான் முதல் தடவையா வேண்டிக்கிட்டேன்" என்றார்.

அவர் போன பிறகு டீச்சர் கிளியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"புத்தகத்துல எழுத்து தெரியுதாடா?"

"தெரியுதே. இது க, இது ம."

"சேர்த்துப் படிச்சா?"

கிளி யோசித்தாள். "தனியா நின்னா யாருன்னு தெரியுது அத்தை. கூட்டமா நின்னா யாரு யாருன்னே தெரியல. அதான் யாராவது படிக்கறதைக் கேட்டுக்குவேன்." பிறகு ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள். "எல்லாருக்கும் அப்படித்தானே?"

மணி அடித்தது. கிளி ஓடிவிட்டாள்.

அவள் யாரையும் ஏமாற்றவில்லை. படிப்பது என்றால் இதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

*

அதிகாரி ஒல்லியான மனிதர், நல்ல மாதிரி. பிள்ளைகளை மிரட்டவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுப் புது அட்டைகளை எடுத்தார். யாரும் முன்பு பார்த்திராத வாக்கியங்கள், அட்டைக்கு நான்கு வரி.

பக்கத்தில் நாத்தனார் நின்றார். இங்கே அவர் 'மேடம்'.

நான்கு பேர் படித்தார்கள். பல் விழுந்தவள் காற்றும் எழுத்துமாகப் படித்தாள். ஏன்-ஏன் இரண்டு வரி படித்துவிட்டு மூன்றாவது வரியில் அந்த ஆடு ஏன் அங்கே போனது என்று அதிகாரியையே கேட்டான். நான்கு பேரும் தேறினார்கள்.

"அஞ்சாவது?"

"பதினேழு" என்றார் மேடம்.

கிளி எழுந்து போனாள். அட்டையை வாங்கினாள். பார்த்தாள். டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்" என்றாள் கிளி மரியாதையாக. "முதல்ல நீங்க ஒரு தடவை படிங்க சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். "பார்த்தீங்களா மேடம், எனக்கே பரீட்சை வைக்கறா!" அட்டையை வாங்கி, பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்றே ராகம் போட்டுப் படித்தார். "ஆற்றங்கரையில் ஒரு படகு நின்றது. அதில் யாரும் இல்லை. காற்று வந்து அதைத் தள்ளியது. படகு தானே புறப்பட்டது."

அட்டை கிளியிடம் திரும்பியது. கிளி அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஓர் எழுத்து பிசகாமல், காற்று வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தி, படகு புறப்படுகிற இடத்தில் உயர்த்திச் சொல்லி முடித்தாள்.

வகுப்பு கை தட்டியது. மேடத்தின் முகம் பூரித்துவிட்டது.

"அடடா! இந்தக் குழந்தையை நான் விட மாட்டேன். அடுத்த மாசம் வாசிப்புப் போட்டி இருக்கு. மேடையில, எல்லாப் பள்ளிக்கூடமும் வரும். அங்கேயே அட்டை குடுப்பாங்க, அங்கேயே வாசிக்கணும். அனுப்பறீங்களா?"

"தாராளமா சார்!"

தப்பித்தாயிற்று. டீச்சர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். டிக் நிற்கும், எண்பது நிற்கும், மாடிவீடும் கீழ்வீடும் பேசிக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் மட்டும், ஒரு மேடையில், யாரும் முதலில் படித்துக் காட்டாத ஓர் அட்டையை வைத்துக்கொண்டு கிளி தனியாக நிற்பாள்.

"சார், வெளியில ஒரு நிமிஷம் வர முடியுமா? மேடம், நீங்களும்" என்றாள் டீச்சர்.

தாழ்வாரத்தில் அவள் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் பாதியில் நின்றுவிடுவோம் என்று பயம்.

"பதினேழாம் நம்பருக்கு நான் போட்ட டிக் தப்பு சார். அவளுக்கு எழுத்து தெரியும். சேர்த்துப் படிக்க வரல. இப்ப நீங்க படிச்சதைத்தான் அவ திருப்பிச் சொன்னா."

"டீச்சர்!" என்றார் மேடம். குரல் தாழ்வாரத்தின் கோடி வரை போனது.

"கண்ணுல குறை இல்ல மேடம். பார்த்தாச்சு. புத்தியிலயும் குறை இல்ல. ஏதோ ஒண்ணு அந்தப் பிள்ளையை எழுத்துகிட்ட போக விடல. அது என்னன்னு எனக்குத் தெரியல."

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. "எப்பத்திலிருந்து தெரியும்?"

"ஆறு நாளா."

"டிக்?"

"மூணு மாசமா."

"யாராவது போடச் சொன்னாங்களா?"

டீச்சர் நாத்தனாரைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். "நான்தான் சார் போட்டேன்."

"எழுதிக் குடுங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள. எப்படிப் போட்டீங்க, ஏன் போட்டீங்க, முழுசா." அவர் பையை மூடினார். படகு அட்டை மட்டும் அவர் பைக்குள் போகவில்லை. அது எப்படியோ மேடத்தின் கைக்கு வந்திருந்தது. கசங்கிக்கொண்டிருந்தது.

*

மூன்றரை மணிக்கு அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இரண்டாம் வகுப்பு, பதினேழாம் எண், நாளை முதல் 'ஆ' பிரிவுக்கு மாற்றப்படுகிறார். கீழே நாத்தனாரின் கையெழுத்து, வழக்கத்தைவிட ஆழமாக.

'ஆ' பிரிவு டீச்சரின் வகுப்பில் எல்லாப் பாடமும் ஒப்பித்தல்தான். அங்கே கிளி முதல் ரேங்க் வாங்குவாள்.

வீட்டுக்கு வரும்போது நாத்தனார் கூட வரவில்லை. முன்னாலேயே போய் மாடிக்கதவைச் சாத்தியிருந்தார்.

"அக்கா கடை வழியாத்தான் போனா" என்றார் கண்ணாடிக்காரர். "கூப்பிட்டேன். 'உன் பெண்டாட்டி என் பிள்ளையைத் தெருவுல நிறுத்திட்டா'ன்னா. அவ்வளவுதான்."

"நான் செஞ்சது தப்பாங்க?"

"ஆறு நாள் முன்னாடி வீட்டுல சொல்லியிருந்தா சின்னத் தப்பு. இன்னைக்கு அங்க சொல்லாம இருந்திருந்தா பெரிய தப்பு." நெற்றியைத் தடவிக்கொண்டார். "நடுவுல நின்னுட்டே. அதான் ரெண்டு பக்கமும் அடி."

டீச்சர் விளக்கம் எழுத உட்கார்ந்தாள். 'ஐயா' என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. முழுசாக என்றால் எண்பதும் வர வேண்டும். எண்பது வந்தால் அதைச் சொன்னவரும் வருவார். சொன்னவர் மாடியில் இருக்கிறார்.

ஆறு மணி இருக்கும். தலைக்கு மேலே நாத்தனாரின் குரல் கேட்டது. "ஆற்றங்கரையில் ஒரு படகு நின்றது." பின்னாலேயே கிளியின் குரல், அச்சு அசலாக.

"அதில் யாரும் இல்லை."

"அதில் யாரும் இல்லை."

"பாரு, படிக்கறியே! யாரு சொன்னா உனக்குப் படிக்க வராதுன்னு? இன்னொரு தடவை."

இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் நாத்தனாரின் குரல் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் உரக்க. கிளியின் குரலும் அதே வேகத்தில், அதே சத்தத்தில். கண்ணாடிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். டீச்சர் பேனாவை வைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள். ஏறலாமா என்று தெரியவில்லை. கைப்பிடியில் கை வைத்தாள், எடுத்தாள்.

மேலே வாசிப்பு நின்றது.

"அம்மா" என்றது கிளியின் குரல். யாரும் சொல்லிக் கொடுக்காத, யாரையும் பின்பற்றாத, அவளுடைய சொந்தக் குரல். "இதுல எதும்மா படகு?"

பதில் வரவில்லை. அட்டையில் ஒரு பிஞ்சு விரல் படகைத் தேடுகிற நேரத்தைவிட, அந்த விரலைப் பார்த்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

பிறகு தாழ்ப்பாள் விலகிய சத்தம். மாடிக்கதவு திறந்தது. படியில் செருப்பில்லாத கால்கள் இறங்கி வந்தன. வருவது சண்டைக்கா, அழுவதற்கா என்று அந்தக் காலடியிலிருந்து டீச்சரால் படித்துக்கொள்ள முடியவில்லை.